கை செய்ததை எழுதிக் காட்டும் பாராவியூ

ஒரே வேலையை 36 முறை செய்ய வேண்டி வந்த நாளில்தான், அறிவியல் தரவைப் படமாக்கிக் காட்டும் பாராவியூ என்ற மென்பொருளை நான் சரியாகப் புரிந்துகொண்டேன். அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக அதை அன்றாடம் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஓப்பன்ஃபோம் என்ற கணக்கீட்டு மென்பொருள் தந்த பாய்ம (நீர், காற்று போன்றவற்றின்) ஓட்டத் தரவைத் திறப்பது, குறுக்கே வெட்டிப் பார்ப்பது, வண்ணம் கொடுப்பது, படமாகச் சேமிப்பது என்று எல்லாவற்றையும் சுட்டியாலேயே செய்து பழகியிருந்தேன். பிறகு 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 90 பாகை வளைந்த குழாயினுள் நீர் எப்படித் திரும்பி ஓடுகிறது என்பதை ஆறு வளைவு ஆரங்களுக்கும் ஆறு நுழைவு வேகங்களுக்கும் கணக்கிட்டபோது, 36 முடிவுக் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் வளைவு முடியும் இடத்தில் ஒரு வெட்டுமுகம் எடுத்து, அதே கோணத்தில், அதே அளவில் ஒரு படம் சேமிக்க வேண்டும். படம் ஒன்றுக்கு 8 நிமிடம் என்று வைத்தாலும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. அத்தனையையும் முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது, வெட்டுமுகத்தை வளைவு முடிந்து ஒரு விட்டம் தள்ளி வைத்தால் சுழல்கள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று என் ஆய்வு வழிகாட்டி சொன்னார். அரைத்த மாவையே மறுபடியும் அரைக்க மனம் வரவில்லை. அன்று மாலைதான் கருவிகள் பட்டியலில் அதுவரை தொட்டே பார்த்திராத ‘ஸ்டார்ட் டிரேஸ்’ (பதிவைத் தொடங்கு) என்ற வரியை முதன்முதலாகச் சொடுக்கினேன்.

பாராவியூவின் படத் தரத்தையோ வேகத்தையோ பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதன் ஒரே ஒரு குணத்தைப் பற்றி: சாளரத்தில் நாம் சுட்டியால் செய்யும் ஒவ்வொரு செயலையும் அது பைத்தான் என்ற நிரல்மொழியில் நிரலாக எழுதிக் காட்டும், அந்த நிரலைத் திருத்தி, சாளரமே இல்லாமல் திரும்ப ஓட்டவும் விடும். வரைகலை இடைமுகம் ஒரு பக்கம், கட்டளை நிரல் மறுபக்கம் என்று பிரிந்து கிடக்கும் அறிவியல் மென்பொருள்களுக்கு நடுவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக இவ்வளவு அகலமான பாதை அமைத்திருப்பது அரிது. அந்தப் பாதையில் எங்கே கால் இடறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாராவியூவின் பிறப்பு 2000ஆம் ஆண்டில். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடமும், விடிகே என்ற காட்சிப்படுத்தல் நூலகத்தைப் பராமரித்துவரும் கிட்வேர் நிறுவனமும் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கின. ஒரே கணினியின் நினைவகத்தில் அடங்காத அளவுக்குப் பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். முதல் பொது வெளியீடு 2002 அக்டோபரில் வந்தது. 2007இல் வந்த 3ஆம் பதிப்பில் இடைமுகத்தை, சாளரங்களை உருவாக்க உதவும் க்யூட்டி நூலகத்தின் மேல் புதிதாகக் கட்டினார்கள். இன்று நாம் காணும் சாளரத்தின் எலும்புக்கூடு அதுதான். பிஎஸ்டி உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள் என்பதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

முதன்முறை திறப்பவருக்கு அதன் முகம் சற்றுக் கடுகடுப்பாகத்தான் தெரியும். இடப்பக்கம் மேலே பைப்லைன் பிரவுசர் என்ற மரவரிசை. அதன் கீழே தேர்ந்தெடுத்த பொருளின் பண்புகளைக் காட்டும் பலகை. வலப்பக்கம் முழுவதும் படம். கோப்பைத் திறந்தவுடன் படம் வந்துவிடாது. ‘அப்ளை’ என்ற பொத்தான் நிறம் மாறிக் காத்திருக்கும். அதை அழுத்தினால்தான் தரவு படிக்கப்படும். வெட்டுமுகத்தை நகர்த்தினாலும் அப்படியே, எண்ணை மாற்றினாலும் அப்படியே. புதியவர்களுக்கு எரிச்சலூட்டுவது இந்தப் பொத்தான்தான், ஆனால் காரணம் இல்லாமல் அதை வைக்கவில்லை. கணக்குக்காக இடத்தைப் பல கோடிச் சிறு கண்ணறைகளாகப் பிரித்த வலைப்பின்னலில், ஒவ்வொரு விசைத்தட்டலுக்கும் கணக்கு ஓடத் தொடங்கினால் கணினி உறைந்துபோகும். இதில் நான் பிற்பாடு உணர்ந்த இன்னொரு நன்மையும் உண்டு: பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது, அப்ளையை அழுத்தும் வரை பண்புப் பலகையில் நாம் செய்யும் தடுமாற்றங்கள் எதுவும் நிரலில் ஏறுவதில்லை. மூன்று முறை எண்ணை மாற்றி நான்காவது முறை அப்ளை கொடுத்தால், நான்காவது எண் மட்டுமே எழுதப்படும்.

ஸ்டார்ட் டிரேஸைச் சொடுக்கியதும் ஒரு சிறு பெட்டி வந்து, எந்தப் பண்புகளை எழுத வேண்டும் என்று கேட்கிறது. எல்லாப் பண்புகளும், இயல்பு மதிப்பிலிருந்து மாறியிருப்பவை, பயனர் தாமே மாற்றியவை மட்டும் என மூன்று தெரிவுகள். முதல் நாள் ஆர்வக்கோளாறில் நான் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். ஒரே ஒரு வெட்டுமுகத்துக்குப் பக்கம் பக்கமாக வரிகள் கொட்டின, அவற்றில் எழுத்துருவின் அளவும் அச்சுக்கோட்டின் நிறமும்தான் பெரும்பகுதி. பயனர் மாற்றியவை மட்டும் என்ற தெரிவில் எழுதிய நிரலை ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். பெட்டியின் அடியில் இருக்கும், பதிவை அவ்வப்போதே காட்டும்படி கேட்கும் குறியையும் இட்டுவிடுங்கள். இப்பக்கம் சுட்டியைச் சொடுக்க, அப்பக்கம் வரிகள் விழுந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதைப் போலக் கற்பிக்கும் பாடப்புத்தகம் வேறு இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான்: 100 மில்லிமீட்டர் வளைவு ஆரம் கொண்ட கோப்பைத் திறந்தேன், அப்ளை கொடுத்தேன், குறுக்கே வெட்டிக் காட்டும் ஸ்லைஸ் என்ற வடிகட்டியைச் (தரவின் மேல் ஒரு செயலைச் செய்யும் கருவிக்கு அங்கே அதுதான் பெயர்) சேர்த்தேன், வெட்டுத்தளத்தின் மையத்தையும் அதற்குச் செங்குத்தான திசையையும் தட்டச்சு செய்தேன், திசைவேகத்தின் பருமனால் வண்ணம் கொடுத்தேன், படத்தைச் சேமித்தேன். பதிவை நிறுத்தியதும், நிரலை எழுதித் திருத்தும் சாளரத்தில் முழு நிரலும் நின்றது. வெட்டுமுகத்தின் மையம் 0.1, 0.15, 0 என்று ஒரு சதுர அடைப்புக்குள் இருந்தது. குழாய் எக்ஸ் திசையில் நுழைந்து, வளைந்து, ஒய் திசையில் வெளியேறுகிறது. வளைவு முடியும் புள்ளி எக்ஸிலும் ஒய்யிலும் ஆரத்தின் அளவு தள்ளி இருக்கிறது. அதிலிருந்து ஒரு விட்டம் மேலே போனால் வழிகாட்டி கேட்ட இடம். ஆக 0.1 என்பது ஆரம், 0.15 என்பது ஆரத்தோடு விட்டத்தைக் கூட்டியது. அந்த இரண்டு எண்களையும் அழித்து, இரண்டு மாறிகளின் பெயர்களை எழுதினேன். மேலே கோப்புப் பெயர்களின் பட்டியலையும் ஒரு சுழற்சியையும் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகள் சுட்டியோடு செய்த வேலை, இரண்டு மாறிகளில் அடங்கிவிட்டதைப் பார்த்தபோது மகிழ்ச்சியோடு சிறிது வெட்கமும் வந்தது.

இதில் பதிவுக்கருவி செய்த உதவி நிரலை எழுதித் தந்தது மட்டுமன்று. பொருள்களின் பெயரைச் சொல்லித் தந்ததே பெரிய உதவி. பாராவியூவின் பைத்தான் நூலகத்தில் ஒவ்வொரு வடிகட்டிக்கும் பத்து இருபது பண்புகள் உண்டு. சாளரத்தில் ஒரு பெயரோடு தெரியும் பண்பு நிரலில் இடைவெளி இல்லாமல், சில இடங்களில் வேறு பெயரோடும் இருக்கும். வெட்டுத்தளத்தின் மையம் ஸ்லைஸின் நேரடிப் பண்பு அன்று, அதனுள் இருக்கும் ஸ்லைஸ்டைப் என்ற உட்பொருளின் பண்பு என்பதை ஆவணத்தைத் தேடிப் படித்துக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆகியிருக்கும். பதிவில் அது ஒரே வரியில் கண்ணெதிரே நின்றது. இன்றும், நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பண்பின் பெயர் மறந்தால் ஆவணத்தை நான் திறப்பதில்லை. பதிவைத் தொடங்கி, அந்த ஒரு செயலைச் சுட்டியால் செய்து, நிறுத்தி, வரியை எடுத்துக்கொள்வேன். பத்து நொடி வேலை.

பதிவை எப்போது தொடங்குகிறோம் என்பது முக்கியம். கோப்பைத் திறப்பதற்கு முன்பே தொடங்கினால், கோப்பைத் திறக்கும் வரியும் நிரலில் இருக்கும். அது தன் காலில் நிற்கும் நிரல். திறந்த பிறகு தொடங்கினால், ஏற்கெனவே உள்ள பொருளைப் பெயரால் தேடு, அல்லது இப்போது தேர்ந்தெடுக்கப்பட்டதை எடுத்துக்கொள் என்றுதான் முதல் வரிகள் அமையும். அதை வெறும் சூழலில் ஓட்டினால், தேட ஒன்றும் இல்லாமல் பிழை காட்டி நிற்கும். ஆனால் மேக்ரோ, அதாவது ஒரு சொடுக்கில் ஓடும் சிறு நிரல், செய்ய விரும்புபவருக்கு இந்த இரண்டாம் வகையே சரி. மேக்ரோவாகச் சேமித்த நிரல் கருவிப்பட்டையில் ஒரு பொத்தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தத் தரவு திறந்திருந்தாலும் அதன் மேல் அதே வெட்டும் வண்ணமும் ஒரு சொடுக்கில் விழும். நிரல் எழுதத் தெரியாத, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லாத ஆய்வகத் தோழர்களுக்கு நான் இப்படி மூன்று பொத்தான்கள் செய்து கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதை பாராவியூவோடு வந்த வசதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; நானும் திருத்தவில்லை.

இனி நான் இடறிய இடம். சுழற்சியைச் சேர்த்த நிரல் இரவில் ஓடி முடிந்து, காலையில் 36 படங்களும் தயாராக இருந்தன. ஆறுக்கு ஆறு கட்டமாக அடுக்கி ஒரே பக்கத்தில் அச்சிட்டு எடுத்துப் போனேன். வழிகாட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீரும் மூன்று மீட்டர் வேகத்தில் ஓடும் நீரும் ஒரே சிவப்பாக இருக்கிறதே, எப்படி?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அறைக்குத் திரும்பி நிரலைப் படித்த பிறகுதான் புரிந்தது. நான் பதிவு செய்தபோது, படம் பளிச்சென்று தெரிவதற்காக, வண்ண வீச்சைத் தரவின் வீச்சுக்கு மாற்றியமைக்கும் பொத்தானை வழக்கம்போல் அழுத்தியிருந்தேன். பதிவுக்கருவி அதையும் உண்மையாக எழுதிக்கொண்டது. ஆகவே சுழற்சி ஒவ்வொரு கோப்பைத் திறந்தபோதும், அந்தக் கோப்பின் மிகப் பெரிய வேகத்துக்குச் சிவப்பையும் மிகச் சிறிய வேகத்துக்கு நீலத்தையும் புதிதாக ஒதுக்கியது. நிறப்பட்டையின் எண்கள் மாறித்தான் இருந்தன. ஆறுக்கு ஆறு கட்டத்தில் கடுகளவு சுருங்கிய எண்களை யார் படிப்பார்கள்?

குற்றம் மென்பொருளுடையது அன்று, என்னுடையதுதான். ஆனால் இத்தகைய பதிவுக்கருவிகள் எல்லாவற்றின் இயல்பும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை அது. என் கை செய்ததை எழுதிற்று. நான் எதற்காகச் செய்தேன் என்பதை எழுத அதனால் முடியாது. ஒரு படத்தைத் தனியாகப் பார்க்கையில் வீச்சை மாற்றியமைப்பது நல்ல பழக்கம். 36 படங்களை ஒப்பிடுகையில் அதே பழக்கம் ஒப்பீட்டையே பொய்யாக்கிவிடும். சுட்டியோடு ஒவ்வொன்றாகச் செய்திருந்தால், ஏழாவது எட்டாவது படத்திலாவது எண்கள் ஏன் இப்படி மாறுகின்றன என்று கண்ணில் பட்டிருக்கும். தானாக ஓடிய நிரல் அந்த ஐயத்துக்கு இடமே தரவில்லை.

திருத்தம் எளிது. மாற்றியமைக்கும் வரியை நீக்கிவிட்டு, வீச்சு 0 முதல் 4 வரை என்று ஒரே வரியில் கட்டிப்போட்டேன். பிறகு, வெவ்வேறு வேகங்களில் ஓட்டத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிடுவதற்காக, கால்குலேட்டர் வடிகட்டியில் திசைவேகத்தின் பருமனை நுழைவு வேகத்தால் வகுத்து இன்னொரு தொகுதிப் படங்களையும் எடுத்தேன். வளைவைக் கடந்த நீரில் எதிரெதிராகச் சுழலும் இரட்டைச் சுழல்கள், 1927-28இல் டீன் என்ற ஆங்கிலேயர் கணக்கால் காட்டியதால் அவர் பெயரைத் தாங்கி நிற்பவை, இந்த இரண்டாம் தொகுதியில்தான் ஒன்றோடொன்று ஒப்பிடும்படி தெரிந்தன. இங்கே பாராவியூவின் ஒரு வழக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: வண்ண அட்டவணை, இயல்பாக, தரவின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. திசைவேகத்துக்கு ஓரிடத்தில் வீச்சை மாற்றினால், அதே பெயருள்ள தரவு எந்தெந்தச் சாளரத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் அது மாறும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது வரம். தனித்தனி வீச்சு வேண்டுபவர்கள் தனி அட்டவணை கேட்கும் குறியை இட வேண்டும்.

ஒளிப்படக் கோணத்திலும் இதே கதைதான். பதிவு, கேமராவின் இருப்பிடத்தையும் நோக்குப் புள்ளியையும் எண்களாக எழுதுகிறது. வளைவு ஆரம் மாறும்போது வெட்டுமுகம் நகர்ந்துவிடுகிறது, ஆனால் கேமரா பழைய இடத்தையே வெறித்துக்கொண்டிருக்கிறது. 250 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வந்த முதல் படத்தில் வெறும் பின்னணி மட்டுமே இருந்தது. நோக்குப் புள்ளியையும் அதே மாறிகளால் எழுதி, தொலைவால் அளவு மாறாத இணைக் கோட்டு வீழலுக்கு மாற்றி, அளவை 0.03 என்று நிறுத்தினேன். இந்த எண் படத்தின் உயரத்தில் பாதியைக் குறிக்கிறது. குழாயின் ஆரம் 0.025 மீட்டர் என்பதால், எல்லாப் படங்களிலும் வட்டம் ஒரே அளவில், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு நின்றது. தொலைவைப் பொறுத்து அளவு மாறும் இயல்பான வீழலை ஒப்பீட்டுப் படங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நேரப்படிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓப்பன்ஃபோமில் நிலையான ஓட்டத்தைக் கணக்கிடும்போது, எஞ்சிய பிழை குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் கணக்கு நின்றுவிடும். ஒரு வழக்கு (36 கணக்குகளில் ஒவ்வொன்றையும் இப்படிச் சொல்கிறேன்) 430ஆம் படியிலும் இன்னொன்று 610ஆம் படியிலும் முடியலாம். நேரப் பெட்டியில் 430 என்று தட்டச்சு செய்தால், பதிவில் ஏறுவது அந்த எண். கடைசிப் படிக்குத் தாவும் பொத்தானை அழுத்தினால், பதிவில் ஏறுவது கடைசிக்குப் போ என்ற கட்டளை. திரையில் இரண்டுக்கும் ஒரே படம்தான் கிடைக்கிறது. நிரலில் ஒன்று ஒரு வழக்குக்கு மட்டும் பொருந்தும், மற்றொன்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். இப்போதெல்லாம் பதிவு ஓடும்போது நான் சுட்டியைப் பிடிக்கும் விதமே மாறிவிட்டது. எண்ணாகத் தட்டச்சு செய்வதைக் குறைத்து, என் எண்ணத்தை ஓரளவாவது சுமக்கும் பொத்தானாகத் தேடி அழுத்துகிறேன்.

பதிவைப் படித்ததால் எனக்குக் கிடைத்த எதிர்பாராத பலன் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வண்ணம் கொடுக்கும் பட்டியலில் திசைவேகம் என்ற பெயர் இரண்டு முறை வரும். ஒன்றின் பக்கத்தில் சிறு புள்ளிக் குறியும் மற்றொன்றின் பக்கத்தில் சிறு கனசதுரக் குறியும் இருக்கும். இரண்டு ஆண்டுகளாக அந்தக் குறிகளை நான் கவனித்ததே இல்லை. நிரலில் வண்ணம் கொடுக்கும் வரியில், பெரிய எழுத்துகளில், ‘பாயிண்ட்ஸ்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் விசாரித்தேன். ஓப்பன்ஃபோம் கணக்கிடுவது கண்ணறைகளின் மையத்தில். அதைப் படிக்கும் பாராவியூ, நாம் தடுக்காவிட்டால், கண்ணறை மதிப்புகளைச் சராசரியாக்கி முனைப் புள்ளிகளுக்கும் ஒரு தொகுதி மதிப்புகளை உண்டாக்குகிறது. அதனால்தான் படம் அவ்வளவு வழவழப்பாக இருந்தது. நான் அளந்து எழுதிய உச்ச மதிப்புகள் சிலவும் இந்தச் சராசரியில் சற்று மழுங்கியவையே. கண்ணறைத் தரவுக்கு மாற்றியபோது படம் கட்டம் கட்டமாக, அழகில்லாமல் மாறியது, ஆனால் கணக்கு உண்மையில் சொன்னது அதைத்தான். திரையில் கடுகளவு குறியாக ஒளிந்திருந்த ஒரு வேறுபாடு, எழுத்தில் வந்தபோது கண்ணை உறுத்தியது.

பதிவுக்கு மாற்றாக இன்னொரு வழியும் இருக்கிறது; பலருக்கு அது தெரிவதில்லை. நிலையைச் சேமிக்கும்போது கோப்பு வகையாகப் பைத்தானைத் தேர்ந்தெடுத்தால், இதுவரை நாம் நடந்த வழியெல்லாம் விட்டுவிட்டு, இப்போது திரையில் இருக்கும் நிலையை மட்டும் கட்டியெழுப்பும் நிரலை பாராவியூ எழுதித் தருகிறது. இரண்டு மணி நேரம் தேடி அலைந்து ஒரு நல்ல படத்தை அடைந்த பிறகு, பதிவு ஓடவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஒரு செயலின் பெயரைக் கற்க டிரேஸ், முடிந்த வேலையை நிரலாக்க நிலைக்கோப்பு என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலுமே கோப்பின் முழுப் பாதை அப்படியே எழுதப்படும்; தொடர் கோப்புகள் என்றால் ஒவ்வொன்றின் பெயரும் நீளமாக வரிசைகட்டி நிற்கும். வேறு கணினிக்குக் கொண்டுபோகும் முன் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது.

நிரலை எழுதத் தொடங்கியவருக்கு மூன்று நான்கு விசித்திரங்கள் எதிர்ப்படும். வடிகட்டியை உருவாக்கியவுடன் அதில் எத்தனை புள்ளிகள் என்று கேட்டால் சுழியம் என்று பதில் வரும். அப்ளைக்கு இணையான புதுப்பிக்கும் கட்டளையை நாமே கொடுத்த பிறகுதான் கணக்கு ஓடும். சுழற்சிக்குள் ஒவ்வொரு முறையும் புதிய கோப்பைத் திறந்துகொண்டே போனால் பழையவை தாமாக விலகாது. எட்டு லட்சம் கண்ணறைகள் கொண்ட என் வழக்குகள் தனித்தனியே இலகுவானவை என்றாலும், 16 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினி இருபதாவது வழக்குக்குப் பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பொருள்களை நீக்கும் கட்டளையைச் சேர்த்துப் பார்த்தேன். இறுதியில், ஒரு வழக்குக்கு ஒரு முறை நிரலைத் தொடங்கி முடிக்கும்படி வெளியிலிருந்து சுழற்றுவதே நிம்மதி என்று கண்டேன். மறுபக்கம், பாராட்ட வேண்டிய ஒன்று: பண்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், பைத்தானின் வழக்கப்படி புதிய மாறியாக ஏற்றுக்கொண்டு சும்மா இருக்காமல், அப்படி ஒரு பண்பே இல்லை என்று உடனே நிறுத்திவிடுகிறது. இரவெல்லாம் ஓடும் நிரல்களுக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் வேண்டியது.

சாளரம் இல்லாமல் ஓட்டுவதற்கு பிவிபைத்தான், பிவிபேட்ச் என்று இரண்டு நிரல்கள் உடன் வருகின்றன. முன்னது ஊடாடும் வேலைக்கு. பின்னது செயலியின் பல கருக்களில் பிரித்து ஓட்டும் தொகுதி வேலைக்கு. திரையே இல்லாத சேவையகத்தில், திரைக்கு வெளியே வரையச் சொல்லும் ஒரு தெரிவைச் சேர்த்து ஓட்டினால் படங்கள் கோப்பாக விழுந்துவிடும். தரவு சேவையகத்திலேயே இருக்க, சாளரம் மட்டும் நம் மேசையில் இருக்கவேண்டும் என்றால் பிவிசர்வர் என்ற மூன்றாவது நிரல் இருக்கிறது. அது இயல்பாக 11111 என்ற பிணைய வாயிலில் (போர்ட்) காத்திருக்கும். இரு முனைகளிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்பதில் அது விட்டுக்கொடுப்பதே இல்லை. சேவையகத்தின் பதிப்பு நம் கையில் இல்லாத இடங்களில், மடிக்கணினியில் இரண்டு மூன்று பழைய பதிப்புகளையும் நிறுவி வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். நிறுவல் தொகுப்பு தனக்கென ஒரு பைத்தானைச் சுமந்து வருகிறது. கணினியில் நாம் ஏற்கெனவே நிறுவியிருக்கும் நூலகங்களை அதற்குள் கொண்டுவருவது நேரான வேலை அன்று. எண்கணக்குகளுக்கான நம்பை நூலகம் உடன் வருவதால் பெரும்பாலான கணக்குகளுக்குப் போதும், ஆனால் அதற்கு அப்பால் போகிறவர்கள் எண்களைக் கோப்பாக எழுதி வெளியே எடுத்துக்கொண்டு, சொந்தப் பைத்தானில் மீதியைச் செய்வதே சுருக்கமான வழி. நிரல் எழுத உள்ளே தரப்பட்டுள்ள சாளரம் எழுதுவதற்கு ஆகும், பிழை தேடுவதற்கு ஆகாது. நான் அதைத் திறப்பது பதிவைப் படியெடுக்க மட்டுமே. ஆவணங்கள் இல்லாமல் இல்லை, வழிகாட்டி நூலும் பயிற்சிப் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடங்களில் வரும் நசுங்கும் தகரக் குவளையின் தரவு நிறுவலோடே வருகிறது. சாளரத்தைப் பற்றி அவை பொறுமையாக விளக்குகின்றன, பைத்தான் பண்புகளுக்கு வரும்போது பெயரையும் ஒரு வரி விளக்கத்தையும் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. பதிவுக்கருவி இவ்வளவு நன்றாக இருப்பதால்தான் அந்த ஆவணத்தை யாரும் வளர்க்கவில்லையோ என்று சில சமயம் தோன்றும்.

தரவின் ஒரு பகுதியை வெட்டி நீக்கும் கிளிப் என்ற வடிகட்டியைத் தொடும் முன் இன்னொரு முறை யோசியுங்கள். ஒழுங்கான கட்டமைப்புள்ள வலைப்பின்னலை அது ஒழுங்கற்ற வலைப்பின்னலாக மாற்றிவிடும். ஒவ்வொரு கண்ணறையின் முனைகளையும் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டி வருவதால் நினைவகத் தேவை பல மடங்கு ஏறும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஸ்லைஸ் போதும். பகுதியை வெட்டியெடுக்க வேண்டுமானால், கட்டமைப்புள்ள தரவுக்கு எக்ஸ்ட்ராக்ட் சப்செட் என்ற வடிகட்டி போதும். சுட்டியால் ஒரு முறை செய்தபோது பொறுத்துக்கொண்ட கனம், சுழற்சியில் 36 முறை வரும்போது இரவு வேலையை நடுவழியில் நிறுத்திவிடும்.

இதே வகையில் வேறு மென்பொருள்கள் இல்லாமல் இல்லை. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த விசிட்டும் விடிகேயின் மேல் நிற்பதுதான். அதிலும் செயல்களைப் பைத்தானாகப் பதிவு செய்யலாம். விலை கொடுத்து வாங்கும் டெக்பிளாட்டிலும் மேக்ரோ பதிவு பழைய வசதி, அச்சுக்கு ஏற்ற கோட்டு வரைபடங்களில் இன்றும் அதற்கே என் ஓட்டு. பாராவியூவில் கோட்டு வரைபடம் வரைவது கத்தரிக்கோலால் கீரை ஆய்வது போல. முடியும், ஆனால் ஏன்? எண்களை வெளியே எடுத்து, பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைந்துகொள்ளுங்கள்.

ஐந்தாறு படங்கள் மட்டும் வேண்டுகிற ஒருவர் இந்தப் பதிவு, நிரல் எதையும் தொட வேண்டியதில்லை. சுட்டியே போதும், அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பத்துக்கு மேல் போனாலோ, அதே படங்களை ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலோ, முதல் படத்துக்கே பதிவை ஓடவிடுங்கள். பதிவு செய்த நிரலை ஓட்டும் முன் ஒரு முறை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு எண்ணையும் இது இந்த ஒரு வழக்குக்கு மட்டும் உரியதா, எல்லாவற்றுக்கும் பொதுவானதா என்று கேட்டுப் பார்க்க ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். என் நிரலில் அப்படிக் கேட்டபோது 14 எண்கள் தேறின. அவற்றில் 5 மாறிகளாயின, 3 நீக்கப்பட்டன, மீதி அப்படியே நின்றன.

அந்த நிரல் இன்றும் என்னிடம் இருக்கிறது. தலைப்பில், இது எந்தப் பதிப்பில் பதிவானது என்று பாராவியூ தானே எழுதிய குறிப்பு வரி ஒன்றும், அதையடுத்து, புதிய பதிப்பில் ஓட்டினாலும் பழைய பதிப்பின் வழக்கப்படியே நடந்துகொள்ளச் சொல்லும் இரண்டு வரிகளும் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றை வெறும் அலங்காரம் என்று எண்ணி அழித்துக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் புதிய மடிக்கணினியில், புதிய பதிப்பில், அந்த வரிகளைத் தொடாமல் ஓட்டினேன். 36 படங்களும் முன்பு வந்தவற்றைப் போலவே வந்தன. ஆறுக்கு ஆறு கட்டத்தில் இந்த முறை நிறப்பட்டையை ஒன்றே ஒன்றாக, படிக்கும் அளவில், ஓரத்தில் வைத்தேன்.